ஒரு கருப்பு டிஷர்ட்டுக்கு ஒரு கைப்பிடி உப்பு

நீங்க போட்டிருக்கற டிஷர்ட் காட்டனா இருந்து, கருப்பு இல்லன்னா நேவி ப்ளூ மாதிரி அடர் கலரா இருந்தா, அதுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட ஒரு கைப்பிடி உப்பு இருக்கு. சமையலுக்குப் போடற அதே சோடியம் குளோரைடு, இல்லன்னா சோடியம் சல்ஃபேட். அது செலவாச்சுன்னு கூட சொல்ல முடியாது, ஏன்னா சாயம் போடறதுல உப்பு செலவே ஆகறதில்ல, போட்டது போட்டபடி முழுசா வெளிய வந்துரும், வெளிய வந்தது எங்க போச்சு, அதுக்கு யாரு காசு குடுத்தாங்கங்கறது தான் இங்க விஷயம். சுற்றுச்சூழலும் உலகப் பொருளாதாரமும்னு பொதுவா பேச ஆரம்பிச்சா பனிக்கரடி, பாரிஸ் ஒப்பந்தம்னு எங்கயோ போயிரும், அதனால ஒரே ஊரு, ஒரே ஆறுன்னு புடிச்சுக்கலாம். ஊரு திருப்பூர், ஆறு நொய்யல்.

மொதல்ல உப்பு எதுக்குன்னு பாத்துரலாம். காட்டன் துணி தண்ணில நனைஞ்சதும் அதுமேல லேசா நெகட்டிவ் சார்ஜ் வந்துரும், இப்ப எல்லாரும் போடற ரியாக்டிவ் சாயமும் நெகட்டிவ் தான், அதனால ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். உப்பை அள்ளிக் கொட்டினா அந்தத் தள்ளுமுள்ளு அடங்கி சாயம் தண்ணிய விட்டுட்டு துணிக்குள்ள போகும், அப்பறம் சோடா ஆஷ், அதாவது சலவை சோடா, போட்டா கெட்டியா புடிச்சுக்கும், எத்தனை தடவ துவைச்சாலும் லேசுல போகாது. 1956ல இங்கிலாந்துல இந்த சாயம் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அதுக்கப்பறம் காட்டன்னா இது தான்னு ஆயிருச்சு. லைட் கலருக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் உப்பு போதும், கருப்புன்னா 60, 80 கிராம் வரைக்கும் போகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணின்னு வெச்சுக்கங்க, லிட்டருக்கு 60 கிராம்னா 480 கிராம் ஆச்சு, கிலோவுக்கு அஞ்சு டிஷர்ட்னு போட்டா ஒரு டிஷர்ட்டுக்கு சுமாரா 100 கிராம். தோராயக் கணக்கு தான், மெஷினுக்கு மெஷின் மாறும், பழைய வின்ச் மெஷின்ல தண்ணியும் அதிகம் உப்பும் அதிகம். இது சாயம் போடற அந்த ஒரு தண்ணிக்கு மட்டும், அதுக்கு முன்னாடி ப்ளீச்சிங், பின்னாடி நாலஞ்சு அலசல் இருக்கு. சாயத்துலயும் மூணுல ஒரு பங்கு வரைக்கும் துணியில ஒட்டாம தண்ணியோடயே போயிரும்.

இனி ஆறு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பொறந்து கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு வந்து கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கற பேர் கொண்ட ஊர்லயே காவிரியில சேருது. மழைக்காலத்துல மட்டும் ஒழுங்கா ஓடற ஆறு, மத்த நாள்ல பெருசா ஒண்ணும் இருக்காது, இத மனசுல வெச்சுக்கங்க. இதோட கரையில சென்னிமலைக்கு மேற்கால கொடுமணல்னு ஒரு ஊரு, சங்கப் பாட்டுல கொடுமணம்னு வர்றது இது தான்னு சொல்றாங்க. அங்க தோண்டினப்போ கல்மணி செய்யற பட்டறை, இரும்பு உருக்கின உலைன்னு கெடச்சது, பக்கத்துல படியூர்ல எடுத்த பெரில்ங்கற ரத்தினக் கல்லுக்கு ரோம் வரைக்கும் மவுசு. அப்ப, நொய்யல் கரைக்கு ஏற்றுமதி ஒண்ணும் புதுசு இல்லைங்க, 2000 வருஷப் பழக்கம். என்ன, கல்மணிக்கு உப்பு தேவைப்படல.

திருப்பூர் ரொம்ப நாள் உள்ளூருக்கு வெள்ளை பனியன் தைச்சுக் குடுத்துட்டு இருந்த ஊரு. 70-களோட கடைசில இத்தாலி வியாபாரிங்க மும்பை வழியா தேடி வந்து டிஷர்ட் வாங்க ஆரம்பிச்சாங்க. 80-களோட நடுவுல வருஷத்துக்கு 15, 20 கோடி ரூபா ஏற்றுமதி, 2024-25ல அது சுமார் 40,000 கோடி. இந்த வளர்ச்சிக்கு ஒரு முக்கியமான காரணம் வேலைய பிரிச்சுக்கிட்ட விதம். நூல் ஒருத்தர், நிட்டிங் ஒருத்தர், சாயம் ஒருத்தர், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, எல்லாமே தனித்தனி ஜாப் வொர்க், கையில கொஞ்சம் காசும் தைரியமும் இருந்தா யாரு வேணா ஒரு கண்ணியில நுழைஞ்சுக்கலாம். நிறைய பேரை கூலியாள்ல இருந்து மொதலாளி ஆக்கினதும் இதே முறை தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா சட்டைய விக்கிறவர் வேற, சாயத்தண்ணிய விடறவர் வேறன்னு ஆனதால, ஐரோப்பாவுல இருக்கற பையர், அதாவது சரக்கு வாங்கற கம்பெனிக்காரர், நேரா பேசறது எக்ஸ்போர்ட்டர்கிட்ட மட்டும், சாயப்பட்டறை கணக்குலயே வராது. பட்டறைக்காரருக்கு கிலோவுக்கு இவ்வளவுன்னு ரேட், அந்த ரேட்ல தண்ணி சுத்தம் பண்ற செலவு கெடையாது. பக்கத்து பட்டறை ஒரு ரூபா குறைச்சு குடுத்தா ஆர்டர் அங்க போயிரும், அப்பறம் எவர் சுத்தம் பண்ணுவாரு.

700-க்கு மேல சாயம், ப்ளீச்சிங் பட்டறைங்க, 2011-க்கு முன்னாடி ஒரு நாளைக்கு 8, 9 கோடி லிட்டர் கழிவுத்தண்ணி. லிட்டருக்கு 5 கிராம் உப்புன்னு குறைச்சுப் போட்டாலே தினமும் 400 டன், அதாவது 10 டன் லாரியில 40 லோடு, ஞாயித்துக்கெழமை தவிர தினமும், மழை இல்லாத ஆத்துக்குள்ள. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெச்ச லிமிட் லிட்டருக்கு 2.1 கிராம். 90-களோட கடைசில கோர்ட் நெருக்கினதும் பொது சுத்திகரிப்பு நிலையங்க வந்துச்சு தான், ஆனா அங்க சுண்ணாம்பும் ஃபெர்ரஸ் சல்ஃபேட்டும் போட்டு கலரை மட்டும் கீழ இறக்குனாங்க, தண்ணி பாக்கறதுக்கு தெளிவா இருக்கும், உப்பு அப்படியே இருக்கும். சொல்லப்போனா இவங்க போட்ட கெமிக்கலால இன்னும் கொஞ்சம் கூடிருக்கும். செவப்பா ஓடற ஆத்தை ஃபோட்டோ எடுத்து பேப்பர்ல போடலாம், உப்பை எப்படி ஃபோட்டோ எடுக்கறது? என்னக் கேட்டா இந்த மொத்தக் கதையில கலர் தான் பெரிய ஏமாத்து வேலை பண்ணிச்சு, எல்லாரும் கலர் போச்சான்னு பாத்தாங்க, வயக்காட்டுக்காரன் மட்டும் நாக்குல வெச்சுப் பாத்தான்.

அந்த உப்பு போய் நின்ன எடம் ஒரத்துப்பாளையம் டேம். கொடுமணலுக்குப் பக்கத்துல தான். 1992ல தொறந்தது, ஈரோடு, கரூர் பக்கம் பாசனத்துக்குன்னு கட்டினது. கொஞ்ச வருஷத்துலயே அது சாயக்கழிவு தேங்கற தொட்டியா மாறி, அடியில இருந்து கசிஞ்சு சுத்துவட்டாரக் கெணறெல்லாம் உப்பேறிப் போச்சு. டேம் தண்ணிய தொறந்து விடுங்கன்னு போராடற விவசாயிய எல்லா ஊர்லயும் பாக்கலாம், தயவு செஞ்சு தொறந்து விட்றாதீங்கன்னு போராடின விவசாயிய அங்க தான் பாக்க முடிஞ்சுது. உப்புத்தண்ணி பாஞ்ச மண்ணுல நெல்லு, மஞ்சள் வராது, தென்னை கொஞ்ச நாள் தாங்கும், அப்பறம் குரும்பை கொட்டும், காய் சிறுத்துப் போகும். அதுக்கு மேல மண்ணே இறுகி தண்ணி உள்ள எறங்காது. நல்ல மழை நாலு வருஷம் தொடர்ந்து பேஞ்சா கொஞ்சம் கழுவும், ஆனா நொய்யல் பக்கம் நாலு வருஷம் தொடர்ந்து நல்ல மழையா, போங்க.

பொருளாதாரம் படிச்சவங்க இதுக்கு புறச்செலவுன்னு பேர் சொல்லுவாங்க. விக்கிறவரும் வாங்கறவரும் பேசி முடிச்ச விலையில இல்லாம, அந்த பேச்சுலயே இல்லாத மூணாவது ஆள் தலையில விழற செலவு. பிகூன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 100 வருஷத்துக்கு முன்னாடியே அதுக்கு வரி போட்டு விலைக்குள்ள கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாரு. நம்மூர்ல உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னு ஒரே வரியில சொல்றோம். ஒரத்துப்பாளையத்துல உப்பைத் தின்னது ஒருத்தர், தண்ணி குடிச்சது இன்னொருத்தர்.

டேம் தொறந்த அதே 1992ல தான் ரியோவுல பூமி உச்சி மாநாடு நடந்து, மாசுபடுத்தினவரே செலவை ஏத்துக்கணும்ங்கறத 16-வது கொள்கையா எழுதி உலக நாடுங்க ஒத்துக்கிச்சு. அதுக்கு ஆறு மாசம் முன்னாடி, 1991 டிசம்பர்ல, உலக வங்கியோட தலைமைப் பொருளாதார நிபுணர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்துப் போட்ட ஒரு மெமோ அப்பறம் வெளிய கசிஞ்சுது. கூலி கம்மியா இருக்கற நாட்டுல கழிவைக் கொட்றது பொருளாதாரக் கணக்குப்படி சரி தான், அங்க ஒரு ஆள் நோய்ல படுத்தா நஷ்டமாகற சம்பளமும் கம்மி தானேங்கற மாதிரி வாதம். கிண்டலுக்கு எழுதினதுன்னு அப்பறம் விளக்கம் குடுத்தாங்க. இருக்கலாம். எனக்கு என்னமோ அந்த மெமோவ படிச்சா கோவத்த விட, அட உண்மைய சொல்லிட்டாங்களேன்னு தான் தோணும், ஏன்னா உலக மார்க்கெட் அன்னைக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டுச்சு, யாரும் எழுதி கையெழுத்துப் போடல, அவ்வளவு தான்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும்னு நொய்யல்லயே ஒரு நம்பர் இருக்கு. பாலாத்துல கழிவு விட்ட தோல் பதனிடற ஆலைங்க மேல போட்ட கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பால, சூழல் இழப்புக்கு நஷ்டஈடு மதிப்பு போட ஒரு ஆணையம் வந்துச்சு. அது நொய்யல் பக்கம் பாத்து 2004 கடைசில சொன்ன கணக்கு: 28,596 விவசாயிங்க, 24.79 கோடி ரூபா. வகுத்துப் பாத்தா தலைக்கு 8,700 ரூபா கிட்ட வரும். அதுவும் ரெண்டே கால் வருஷத்துக்கு மேல ஆன நஷ்டத்துக்கு. இந்த ஆளுங்க உலகப் பொருளாதாரத்துக்குள்ள வந்ததே நஷ்டஈடு லிஸ்ட் வழியா தான்.

அப்பறம் நடந்தது கோர்ட் வேலை. நொய்யல் பாசன விவசாயிங்களோட ஆயக்கட்டுதாரர் பாதுகாப்பு சங்கம் போட்ட கேஸ்ல 2006 டிசம்பர்ல சென்னை ஹைகோர்ட், ஒரு சொட்டு கழிவும் வெளிய போகக்கூடாதுன்னு, அதாவது ஜீரோ டிஸ்சார்ஜ் வேணும்னு சொல்லி, அது வர்ற வரைக்கும் விடற தண்ணிக்கு லிட்டருக்கு இத்தனை பைசான்னு அபராதமும் போட்டுச்சு. பட்டறைக்காரங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க, 2009 அக்டோபர்ல அங்கயும் தோத்தாங்க. அப்பறமும் வேலை முடியாததால கோர்ட் அவமதிப்பு வழக்கு வந்து 2011 ஜனவரி 28ல எல்லாத்தையும் மூடுங்கன்னு உத்தரவு. 700-க்கு மேல பட்டறை ஒரே அடியில சாத்துனாங்க, வெளியூர் ஆளுங்க மூட்டை கட்டினாங்க. ஆர்டர் கையில இருக்கு, டெலிவரி தேதி இருக்கு, சாயம் போட எடம் இல்ல.

இங்க தான் மார்க்கெட் என்ன பண்ணும்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது. துணி லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் லாரியில போச்சு. ஈரோடு, பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம்னு காவிரிக் கரையில லைசென்ஸ் இல்லாத பட்டறைங்க ராத்திரியில ஓடுச்சு, காளிங்கராயன் வாய்க்கால்ல கலர் தெரிஞ்சுது. காளிங்கராயன் வாய்க்கால் 13-ம் நூற்றாண்டுல வெட்டினது, அதுல வந்து கலந்தது நொய்யல்ல விடக்கூடாதுன்னு சொன்ன தண்ணி. ஒரு ஆத்துல கதவைச் சாத்தினா உப்பு அடுத்த ஆத்தைத் தேடிப் போகுது. நாடு விட்டு நாடு போறதும் இதே வேலை தான், தூரம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

திருப்பூர் ஆனா மீண்டு வந்துச்சு, அத சொல்லாம விடக்கூடாது. அரசு 200 கோடி ரூபா வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு, அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்துல உப்புக்கரைசலை அப்படியே திரும்ப சாயத்துக்கே பயன்படுத்தற முறைய ஓட்டிக் காமிச்சாங்க, ஒவ்வொண்ணா தொறந்துச்சு. இப்ப 18 பொது நிலையங்க, அது போக சொந்தமா வெச்சிருக்கற பெரிய பட்டறைங்க. வேலை எப்படின்னா, கழிவுத்தண்ணிய மொதல்ல பாக்டீரியாவுக்கு விட்டு, மிச்சக் கலரை எடுத்து, ஆர்ஓ-ல தள்ளினா 85, 90 சதவீதம் நல்ல தண்ணியா பட்டறைக்கே திரும்பிப் போகும். மிச்சம் இருக்கற கெட்டி உப்புத்தண்ணிய எவாப்பரேட்டர்ல கொதிக்க வெச்சு சோடியம் சல்ஃபேட்டை தனியாப் பிரிச்சு திரும்ப சாயத்துக்கு எடுத்துக்குவாங்க. ஒரு தொழில் ஊரு முழுசா இப்படி மாறினது உலகத்துலயே ரொம்ப அபூர்வம். எனக்கு சாயப்பட்டறைக்காரங்க மேல பழைய கோவம் நிறைய உண்டு, ஆனா இந்த ஒரு விஷயத்துல மெச்சத்தான் வேணும்.

சரி, இதுக்கு காசு யாரு குடுத்தா? பட்டறைக்காரர் சாய ரேட்டை ஏத்தினாரு, எக்ஸ்போர்ட்டர் கொஞ்சம் தாங்கினாரு, கொஞ்சம் தையக்காரங்க கூலியில இடிச்சுது. பையர் அநேகமா ஒண்ணும் குடுக்கல. சர்டிஃபிகேட் கேட்டாங்க, ஆடிட்டர் வந்தாரு, ஆடிட் செலவும் நம்ம தலையில தான், விலை மட்டும் வேற நாட்டு விலையோட ஒப்பிட்டே பேசுவாங்க. அந்த வேற நாடு பெரும்பாலும் பங்களாதேஷ். அவங்க ரெடிமேட் ஏற்றுமதி நம்ம மொத்த நாட்டு ஏற்றுமதிய விட ரெண்டு மடங்குக்கு மேல. டாக்காவ சுத்தி ஓடற புரிகங்கா, துராக் ஆறுகளைப் பாத்தா பழைய நொய்யல் ஞாபகம் வரும். ரொம்ப ஏழை நாடுங்கற வகையில 2001ல இருந்து ஐரோப்பாவுக்குள்ள அவங்களுக்கு வரி சுத்தமா கெடையாது, நம்ம துணி பல வருஷமா 9, 10 சதவீதம் கட்டிட்டுப் போனது. ஏழை நாட்டுக்கு சலுகை குடுக்கறத நான் குறை சொல்லல, ஆனா அந்த சலுகையில ஆத்துத் தண்ணிய பத்தி பெருசா ஒண்ணும் பாக்கறதில்ல, அதனால உப்பைப் புடிச்சு வெச்சவன் 10 சதவீதம் கட்டினான், ஆத்துல விட்டவன் சும்மா போனான். இத சொல்றதுக்கு நமக்கும் முழுத் தகுதி இல்லைங்கறதும் ஞாபகம் இருக்கட்டும். ரியாக்டிவ் சாயத்தக் கண்டுபிடிச்ச ஐரோப்பாவுல இருந்து சாய வேலை கெளம்பி இந்தப் பக்கம் வந்ததுக்கு ஒரு காரணம் அங்க தண்ணிச் சட்டம் இறுகினது, நொய்யல்ல உப்பு ஏறின அந்த 20 வருஷம் உலகத்தோட சீப்பான ஊருங்கள்ல நாமளும் ஒண்ணு.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்போ திருப்பூர் ஆடிப் போனது தெரியும். அந்த 50-ல ஒரு சதவீதம் கூட நொய்யலுக்காகப் போட்டது இல்ல. வரிங்கறது அரசியலுக்கு ஒரே ராத்திரியில ஏறுது, ஆத்துக்குன்னா 30 வருஷம் ஆகுது.

இப்ப ஆட்டத்துல புது விதி, கார்பன், அதாவது எரிபொருள் எரிக்கறதுல வர்ற புகைக் கணக்கு. பையருங்க தங்களோட சப்ளை செயின்ல வர்ற கார்பனையும் கணக்கு காட்டணும்னு ஆனதால, பட்டறைக்கு எக்செல் ஷீட் வருது, எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை டன் வெறகு, எத்தனை டன் கரி. இங்க ஒரு சங்கடம் இருக்கு பாருங்க. ஆர்ஓ-வுக்கு அழுத்தம் குடுக்க கரண்ட் வேணும், எவாப்பரேட்டருக்கு நீராவி வேணும், நீராவிக்கு பாய்லர்ல வெறகோ கரியோ எரியணும். உப்பைத் தண்ணியில இருந்து பிரிக்கறது சும்மா வராது, எங்கயோ எதையாவது எரிச்சுத் தான் ஆகணும். ஆக ஆத்தைக் காப்பாத்தின பட்டறை கார்பன் ஷீட்ல மோசமான பட்டறையா தெரியும், கழிவை அப்படியே ஆத்துல விடற பட்டறை அதே ஷீட்ல நல்ல பிள்ளையா தெரியும். பல்லடம், உடுமலை பக்கம் பாலக்காட்டுக் கணவாய் காத்துல ஓடற காத்தாடிங்க நிறைய, அதுல எக்ஸ்போர்ட்டருங்களுக்கு சொந்தமானதும் உண்டு, கரண்ட் பக்கம் அது கை குடுக்கும். நீராவிக்கு காத்தாடி உதவாது.

இன்னொண்ணு, பேச்சுவாக்குல. உலக தொழிற்சாலைத் தண்ணி மாசுல 20 சதவீதம் ஜவுளிச் சாயத்தாலன்னு ஒரு நம்பர் எல்லா ரிப்போர்ட்லயும் சுத்திட்டே இருக்கும், எங்க அளந்தாங்கன்னு தேடிப்போனா ஒருத்தர் இன்னொருத்தரக் கைகாட்டுவாரு, கடைசில அளவீடே இருக்காது. இந்த மாதிரி நம்பருக்கு மயங்கறத விட ஒரு டேம், ஒரு கெணறுன்னு பாக்கறது மேல். நாட்டு வருமானக் கணக்கும் இதே லட்சணம் தான், சாயம் போட்டா வளர்ச்சி, கெணறு கெட்டு டேங்கர் லாரியில தண்ணி வாங்கினா அதுவும் வளர்ச்சி, ஆர்ஓ மெஷின் வாங்கினா இன்னும் வளர்ச்சி. கெணத்துல இருந்த நல்ல தண்ணி போனது மட்டும் எந்தக் காலத்துலயும் வராது, அதுக்கு யாரும் பில் போடலியே.

உப்பே இல்லாம சாயம் போட வழி இல்லையான்னா, இருக்கு. கோல்டு பேட் பேட்ச்னு ஒரு முறை, துணிய சாயத்துல முக்கி உருளையில பிழிஞ்சு சுருட்டி மணிக்கணக்கா ஊற விடறது, உப்பு கிட்டத்தட்ட வேண்டாம், ஆனா பனியன் துணி இழுபடும், சின்னச் சின்ன ஆர்டருக்கு கட்டாது. குறைஞ்ச உப்பு கேக்கற சாயங்க வந்திருக்கு, வெலை ஜாஸ்தி. சுலபமான வழின்னு பாலியஸ்டர் பக்கம் நிறைய பேர் திரும்பறாங்க, அதுக்குப் போடற சாயத்துக்கு உப்பே வேண்டாம், உலக மார்க்கெட்டும் அதத்தான் அதிகமா கேக்குது. அது பெட்ரோலியத்துல வர்ற நூல், ஒவ்வொரு தடவ துவைக்கும்போதும் பொடிப்பொடியா பிளாஸ்டிக் இழை விடும். நொய்யல் உப்பு போயி உங்க வீட்டு வாஷிங் மெஷின் தண்ணிக்கு வந்துருச்சுன்னு வெச்சுக்கங்க.

ஒரத்துப்பாளையம் டேம்ல இப்ப தண்ணி தேக்கறதில்ல, வர்றது வந்தபடி ஓடிருது. பொது சுத்திகரிப்பு நிலையங்கள்ல சோடியம் சல்ஃபேட்டும் நல்ல தண்ணியும் எடுத்தது போக கடைசியா ஒரு அழுக்கு உப்பு மிஞ்சும், ரெண்டு மூணு உப்பும் கொஞ்சம் சாயமும் கலந்தது, கலப்பு உப்புன்னே சொல்லுவாங்க. திரும்ப சாயத்துக்கு ஆகாது, வாங்க ஆள் கெடையாது, மழையில நனைஞ்சா மறுபடி மண்ணுக்குள்ள போயிரும். சுத்திகரிப்புல வர்ற சேறையாவது கொஞ்சம் சிமென்ட் ஆலை சூளைக்கு அனுப்பறாங்க. இந்த உப்பை மூட்டை மூட்டையா கட்டி ஷெட் போட்டு அடுக்கி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னாடி ஆயிரக்கணக்குல டிஷர்ட்டுங்க, அதெல்லாம் எப்பவோ கப்பல் ஏறி, வித்து, சாயம் வெளுத்து குப்பைக்கும் போயிருக்கும்.